சாலைக்கு ஒரு சனது

ஒரு தொழிலை மேற்கொள்ள விழைபவரைச் சோதித்துத் தகுதியுடையவர் என்று கண்ட பின்னரே அவருக்கு அனுமதி வழங்கும் முறை, ஐரோப்பியர் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். வரலாறோ வேறு விதமாகப் பேசுகின்றது.

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 931இல், பக்தாது மாநகரில் மருத்துவர் ஒருவர் செய்த பிழையால் பொதுமக்களுள் ஒருவர் மாண்டார். இச்செய்தி அப்பாஸியக் கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் என்னும் மருத்துவப் பேரறிஞர் சோதித்துச் சான்று எழுதிக் கொடுத்தாலன்றி எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என்று அவர் ஆணையிட்டார். அவ்வாணை நடைபெறுகின்றதா என்று கண்காணிக்கும் பொறுப்பு, அங்காடிகளையும் தொழில்களையும் மேற்பார்க்கும் முஹ்தஸிபிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரின் இரு கரைகளிலுமாக 860க்கு மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்று பழைய அரபு வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. முன்னரே திறமையாற் புகழ் பெற்றிருந்தோரும், அரண்மனைப் பணியில் இருந்தோரும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியின் வரிசையை அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். முதலில் ஓர் உயிர் போகின்றது. பின்னர்த் தேர்வு பிறக்கின்றது. அத்தேர்விலிருந்து பழைய கைகளுக்கு விலக்கு அளிக்கப்படுகின்றது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் இதே வரிசை மற்றொரு துறையில் அப்படியே நிகழ்ந்தது. அத்துறை மோட்டார் வண்டி ஓட்டுதல். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் வரிசையில் நின்று கொடுக்கும் ஓட்டுநர் தேர்வின் வரலாற்றையும், அத்தேர்விற் பலர் தவறுவதற்குக் காரணமான பிழைகளையும், அப்பிழைகள் எதனைச் சுட்டுகின்றன என்பதனையும் இங்கே ஆராய்வோம்.

ருக்ஸத் என்னும் சொல்

ஓட்டுநர் உரிமத்தை அரபு நாடுகளில் ‘ருக்ஸத்’ என்னும் சொல்லால் வழங்குவர். வளைகுடாவிற் பணிபுரிந்து திரும்பிய நம் சகோதரர்கள் இச்சொல்லை நன்கறிவர். ஆயினும் இச்சொல்லுக்கு மத்ரஸாக்களில் நாம் பயிலும் பொருள் இன்னும் ஆழமானது. ஃபிக்ஹுக் கலையில் ‘அஸீமத்’ என்பது பொதுவான சட்டம். ‘ருக்ஸத்’ என்பது தக்க காரணம் பற்றி அச்சட்டத்திலிருந்து அளிக்கப்படும் சலுகை. பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழுவது ருக்ஸத். பயணம் முடிந்து ஊர் வந்து சேர்ந்தால் அச்சலுகையும் முடிந்தது.

இப்பொருளை நெஞ்சிற் கொண்டு நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்பதே அப்பிரிவின் சாரம். அதாவது, ஓட்டலாகாது என்பதே பொதுச்சட்டம். ஓட்டலாம் என்பது சலுகை. சாலை நடப்பவர்க்கு உரியது. பள்ளி செல்லும் சிறுமிக்கும், கைத்தடி ஊன்றிச் செல்லும் முதியவர்க்கும் அதில் நடக்க எந்த அனுமதிச்சீட்டும் வேண்டுவதில்லை. பல நூறு கிலோ எடையுள்ள இரும்பை அவர்கள் நடுவே விரைந்து செலுத்த விரும்புபவரே, தம்மால் அவர்களுக்குத் தீங்கு நேராது என்று மெய்ப்பித்துக் காட்டக் கடமைப்பட்டவர். பாதைக்கும் உரிமைகள் உண்டென்பதும், பிறர்க்குத் துன்பம் தராதிருத்தல் அவற்றுள் ஒன்றென்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தவையாக ஹதீது நூல்கள் அறிவிக்கின்றன. ஓட்டுநர் தேர்வு என்பது அவ்வுரிமையைக் காக்க எழுந்த ஏற்பாடேயன்றி வேறன்று.

தேர்வு பிறந்த கதை

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29ஆம் நாள். 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய துணைவியார் பெர்த்தா பென்ஸ், இரு மைந்தர்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகர் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அவ்வண்டியைச் செலுத்திச் சென்றார். உலகின் முதல் நெடும்பயண ஓட்டுநர் ஒரு பெண்மணி என்பதை நம் இல்லங்களின் பெண்மக்கள் அறிந்திருத்தல் நன்று. 1893 ஆகஸ்டு 14ஆம் நாள் பாரிஸ் நகரக் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்து, வண்டிகளுக்கு அடையாளப் பலகையும் ஓட்டுபவர்க்குத் தகுதிச் சான்றும் வேண்டும் என்று விதித்தது.

பிரிட்டனின் போக்கு வேறாயிருந்தது. அங்கே 1903ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் ஓட்டுநர்க்கு உரிமம் வேண்டும் என்றது. ஆனால் தேர்வு வேண்டும் என்று சொல்லவில்லை. ஐந்து ஷில்லிங் செலுத்தினால் உரிமம் கைக்கு வந்துவிடும். பணம் கட்டியவர் ஓட்டத் தெரிந்தவராவார் என்பது அக்காலத்தார் நம்பிக்கை போலும்! இந்நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1934இல் அந்நாட்டில் ஏறத்தாழ 24 லட்சம் மோட்டார் வண்டிகளே இருந்தன. ஆயினும் அவ்வோராண்டில் சாலையில் மாண்டோர் 7,343 பேர். அதன் பின்னரே அரசு கண் விழித்தது. 1935 மார்ச்சு மாதத்தில் விருப்பமுடையோர்க்கும், அவ்வாண்டு ஜூன் 1ஆம் நாள் முதல் கட்டாயமாகவும் ஓட்டுநர் தேர்வு தொடங்கிற்று. 1934 ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முன் ஓட்டத் தொடங்கியிருந்தோர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. பக்தாதின் வரிசை இலண்டனில் மீண்டும் நிகழ்ந்தது காண்க. அக்காலத்தில் தேர்வுக்கெனத் தனி இடங்கள் இல்லாமையால், தேர்வாளர் புகைவண்டி நிலையம், பூங்கா போன்ற இடங்களில் காத்திருந்து சோதித்தனர். தேர்வெழுதியோரில் நூற்றுக்கு 63 பேர் தேறினர். 37 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

நம் சென்னை மாகாணத்துக்கு மோட்டார் வண்டி வந்தது சென்ற நூற்றாண்டு புலரும் வேளையில். எம்.சி. 1 என்னும் முதற் பதிவெண் துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் வண்டிக்கு உரியது. இந்தியருள் முதலில் வண்டி வாங்கியவர் கட்டட ஒப்பந்தகாரர் நம்பெருமாள் செட்டியார். இந்திய அளவில் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. விரிவான சட்டம் 1939 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனை நீக்கி எழுந்ததே இன்று நம்மை ஆளும் 1988ஆம் ஆண்டுச் சட்டம். அது 1989 ஜூலை 1ஆம் நாள் முதல் செயற்படுகின்றது. அதனோடு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதிதான் ஓட்டுநர் தேர்வின் உயிர்நாடி. ஒருவர் எவ்வெவற்றைச் செய்து காட்டினால் தேறியவராவார் என்பதை அவ்விதி இருபதுக்கும் மேற்பட்ட உட்கூறுகளாகப் பகுத்துச் சொல்கின்றது.

திண்டிவனத்துச் சாலைகள்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். திண்டிவனம் என்னும் பெயர் புளியமரத்தைக் குறிக்கும் ‘திந்திரிணி’ என்னும் வடசொல்லிலிருந்து பிறந்தது என்பர். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே உள்ள இவ்வூர் ஒரு பெருஞ்சந்தி. விழுப்புரம் வழியே திருச்சி செல்லும் பெருவழி, புதுவைச் சாலை, செஞ்சி வழியே திருவண்ணாமலை செல்லும் சாலை, மரக்காணம் சாலை, வந்தவாசிச் சாலை எல்லாம் இங்கே கூடிப் பிரிகின்றன. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திண்டிவனம் விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்தது. டி.என். 16 என்று தொடங்கும் பதிவெண் திண்டிவனத்துக்கும், டி.என். 32 விழுப்புரத்துக்கும் உரியவை.

இவ்வூரில் வண்டி பழகுபவர் ஒரே நாளில் பல உலகங்களைக் காண்கின்றார். பெருவழியில் இரவு பகலாக விரையும் ஆம்னிப் பேருந்துகள், ஊரகச் சாலையிற் கரும்பு ஏற்றி அசைந்து வரும் டிராக்டர்கள், மேம்பாலத்தின் ஏற்றம், கடைத்தெருவில் வண்டிக்கு வழிவிட மறுக்கும் ஆடுமாடுகள். இவ்வளவையும் ஓர் இளைஞர் சமாளிக்க வல்லவரா என்பதைச் சில நிமிட நேரத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் கண்டறிய வேண்டும். அச்சில நிமிடங்களில் அவர் காண்பது வித்தையை அன்று, பழக்கத்தை.

தவறுவோர் செய்யும் பிழைகள்

மத்ரஸாவில் திருக்குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளை ஓதுகையில், உஸ்தாது ஒவ்வோர் எழுத்தையும் கவனித்திருப்பார். பெரிய வசனங்களில் பிள்ளை பெரும்பாலும் தவறுவதில்லை. ஒன்றை ஒன்று ஒத்த சிறு சொற்களிலேதான் தடுமாறும். ஓட்டுநர் தேர்விலும் அப்படியே. சுவரில் மோதித் தோற்பவர் சிலரே. சிறியவை என்று ஒதுக்கியவற்றால் தோற்பவரே பலர்.

முதற்பிழை, வண்டி நகரும் முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. 15ஆவது விதியின் தொடக்கமே பின்பக்கம் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்தலும், எஞ்சினை இயக்குமுன் முன்னெச்சரிக்கை கொள்ளுதலும்தாம். இருக்கையை அமைத்து, கதவு சாத்தப்பட்டதா என்று பார்த்து, இருக்கைப் பட்டையைப் பூட்டி, கைபிரேக் போட்டிருக்கின்றதா, கியர் நடுநிலையில் உள்ளதா என்று கண்டு, அதன் பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும். அவசரத்தில் சாவியை முதலில் திருப்புகின்றார் பழகுநர். வண்டி கியரில் இருந்தால் ஒரு குதி குதித்து நின்றுவிடுகின்றது. அவர் மனமும் அப்போதே குலைந்துவிடுகின்றது.

இரண்டாவது, கிளட்சைப் பட்டென்று விடுதல். கால் மெல்ல எழ வேண்டும். எஞ்சினின் ஒலி தாழ்ந்து வண்டி சற்றே அதிரும் இடம் ஒன்றுண்டு. அவ்விடத்திற் காலை ஒரு கணம் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரைச் சிறிது அழுத்தினால் வண்டி வழுக்கினாற்போல் நகரும். ஏற்றத்தில் இக்கலை மேலும் நுட்பமானது. ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னோக்கி உருளவிடாமல் மீண்டும் கிளப்பிக் காட்ட வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கின்றது. கைபிரேக்கைப் போட்டுக்கொண்டு, கிளட்சு பிடிக்கும் இடம் வந்த பின்னரே அதனை விடுவிக்க வேண்டும். முன்னதாக விடுவிப்பவரின் வண்டி ஒரு முழம் பின்வாங்கும். மேம்பாலச் சரிவில் அந்த ஒரு முழத்துக்குப் பின்னால் மிதிவண்டியில் ஒருவர் நிற்கக்கூடும் என்பதை எண்ணினால், ஆய்வாளர் ஏன் அதனைப் பொறுப்பதில்லை என்பது விளங்கும். இறக்கத்திலோ இதற்கு மாறான பிழை நிகழ்கின்றது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை நடுநிலைக்குத் தள்ளிவிடுகின்றனர். இறக்கத்திற் கீழ்க்கியருக்கு மாறுதலே விதி. அப்போது எஞ்சினும் வண்டியைப் பிடித்து நிறுத்தத் துணைபுரியும்.

மூன்றாவது, பார்வையின் பிழை. எல்லாப் பிழைகளிலும் இதுவே தலையாயது. பிரிட்டனில் இன்றும் தேர்விற் பாதிக்கு மேற்பட்டோர் தோற்கின்றனர். அங்கே தோல்விக்குரிய காரணங்களை அரசே வரிசைப்படுத்தி வெளியிடுகின்றது. சந்திப்புகளிற் சரியாகக் கவனியாமை, திசை மாறுகையிற் கண்ணாடியைப் பார்க்காமை, பாதுகாப்பாகக் கிளம்பாமை ஆகியவை ஆண்டுதோறும் அதில் முன்னிடம் பெறுகின்றன. கையாலும் காலாலும் நேரும் பிழைகளினும் கண்ணால் நேரும் பிழைகளே மிகுதி என்பது இதன் பொருள். நம் விதியும் சைகை காட்டுமுன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று வரிசை வகுத்துள்ளது. பார்த்தல், சைகை காட்டல், திரும்புதல் என்பதே முறை. நம்மவர் பலர் திரும்பிக்கொண்டே சைகை காட்டி, பின்னர்ப் பார்க்கின்றனர். திரும்பி முடிந்தபின் எரிந்துகொண்டேயிருக்கும் விளக்கு மற்றொரு பிழை; அது பின்வருபவர்க்குச் சொல்லும் பொய்.

நான்காவது, திருப்பங்களில் நேரும் பிழை. வலப்புறம் திரும்புகையிற் சந்தியின் நடுவரை செல்லாமல் குறுக்கே வெட்டித் திரும்புதலும், இடப்புறம் திரும்புகையில் வட்டத்தை அகலமாக எடுத்து எதிர்வரும் வண்டிகளின் பாதையிற் புகுதலும் மிகுதி. சாதாரணமாகச் செல்கையில் இடப்பக்கம் ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்னும் விதியை மறந்து நடுச்சாலையைப் பிடித்துக்கொள்வோரும் உளர். விரைந்து ஓட்டுவதுதான் பிழை என்று கருதி, காரணமின்றி ஊர்ந்து செல்வோரும் தோற்கின்றனர். சாலையின் நிலைக்கும் நெரிசலுக்கும் ஏற்ற வேகமே விதி கேட்பது.

ஐந்தாவது, பின்னோக்கிச் செலுத்துதல். குறுகிய இடத்துக்குள் வண்டியைப் பின்னாற் செலுத்திக் காட்ட வேண்டும். இங்கே பழகுநர் விரைகின்றார், விரைவே பிழை. பின்செல்லும்போது ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்புகின்றோமோ அப்பக்கமே வண்டியின் பின்புறம் செல்லும்; முன்புறமோ எதிர்ப்பக்கம் அகலமாக வீசும். பின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டேயிருப்பவர் முன்கம்பத்தைத் தட்டிவிடுகின்றார். கண்ணாடியை மட்டும் நம்பித் தலையைத் திருப்பாதிருத்தலும் தவறு. வீட்டு வாயிலில் வண்டிக்குப் பின்னே அமர்ந்து விளையாடும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரிவதில்லை.

ஆறாவது, இரு சக்கர வண்டிக்குரிய ‘எட்டு’. எட்டுப் போடுதல் என்பது நம் தமிழில் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. எட்டு என்னும் எண்ணின் வடிவில், கால் ஊன்றாமல் வண்டியைச் செலுத்திக் காட்ட வேண்டும். இதில் தவறுவோர் பெரும்பாலும் முன்சக்கரத்தையே குனிந்து நோக்குகின்றனர். கண் எங்கே செல்கின்றதோ வண்டியும் அங்கேதான் செல்லும். ஆதலின் கழுத்தைத் திருப்பி, அடுத்துச் செல்ல வேண்டிய வளைவைப் பார்த்தல் வேண்டும். கைப்பிடி திரும்பியிருக்கும் நிலையில் முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி சாயும். பின்பிரேக்கை மெல்ல மிதித்து, சீரான வேகத்தைக் காப்பதே வழி. நேர்ச்சாலையில் விரைந்தோட்டும் இளைஞர் இவ்வெட்டில் விழுகின்றார்; நிதானமறிந்த நடுவயதினர் எளிதில் முடித்துவிடுகின்றார். வேகத்தில் எவரும் நிமிர்ந்து நிற்பர். மெதுவில் நிற்பதே திறமை.

ஏழாவது, நடப்பவரை மதியாமை. காவலரோ விளக்கோ இல்லாத நடைபாதைக் கோடுகளில் கடப்பவர்க்கே முதலிடம் என்று 15ஆவது விதி கூறுகின்றது. தேர்வு நேரத்தில் ஒருவர் குறுக்கே வந்தால், ஒலிப்பானை அழுத்துவதே திறமை என்று பழகுநர் பலர் கருதுகின்றனர். அவர்களுக்கு ஓட்டக் கற்பித்தோர் அவ்வாறு செய்ததைக் கண்டு கற்றது அது.

இறுதியாக, அச்சத்தாற் பிறக்கும் பிழைகள். ஆய்வாளர் நிறுத்தச் சொன்னால், பின்னால் என்ன வருகின்றது என்று பாராமல் நடுச்சாலையிலேயே நிறுத்திவிடுதல்; சொன்னதைக் காதில் வாங்காமல் வேறு திசையில் திரும்புதல்; ஒரு சிறு பிழை நேர்ந்தவுடன் எல்லாம் முடிந்ததென்று மனந்தளர்ந்து அடுத்தடுத்துப் பல பிழைகள் செய்தல். பழகாத வண்டியைக் கடன் வாங்கிக்கொண்டு தேர்வுக்குச் செல்வோர்க்கு இவ்வச்சம் இரட்டிப்பாகும். எந்த வண்டியிற் பழகினோமோ அதே வண்டியில் தேர்வு கொடுத்தலும், எல் பலகை, பழகுநர் உரிமம், தலைக்கவசம் ஆகியவற்றை முதல் நாளே எடுத்துவைத்தலும் மனத்தைப் பாதி அமைதிப்படுத்தும்.

வளைகுடா செல்லவிருக்கும் இளைஞர்க்கு இன்னும் ஒரு சொல். சவூதி அரேபியா, அமீரகம் முதலிய நாடுகளில் சாலையின் வலப்பக்கம் செல்ல வேண்டும். ஸ்டியரிங் வண்டியின் இடப்பக்கம் இருக்கும். இங்கே ஊறிய பழக்கம் அங்கே பிழையாக மாறும். சந்தியில் முதலில் எப்பக்கம் பார்ப்பது என்பதே தலைகீழாகின்றது. இங்கே முறையாகக் கற்றவர், பார்த்துச் செய்தல் என்னும் ஒழுங்கைக் கைக்கொண்டு சில வாரங்களில் மாறிக்கொள்கின்றார். சீட்டை மட்டும் கொண்டு சென்றவர் அங்கே தேர்வுக்கு மேல் தேர்வு கொடுத்துச் சம்பாத்தியத்தை இழக்கின்றார்.

தேறாமலே பெறும் சீட்டு

இதுவரை தேர்வில் தவறுவோரைப் பற்றிப் பேசினோம். தேர்வையே தவிர்ப்போரைப் பற்றியும் பேசாவிடின் இக்கட்டுரை நிறைவு பெறாது.

தமிழகத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர், தில்லியில் உரிமம் நாடிய 822 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2007இல் வெளியிட்டனர். ஒரு சாராருக்கு, விரைவில் உரிமம் பெற்றால் பரிசுப்பணம் உண்டென்றனர். மற்றொரு சாராருக்கு இலவசமாக ஓட்டக் கற்பித்தனர். மூன்றாம் சாராரை அவர்கள் போக்கில் விட்டனர். பின்னர் உரிமம் பெற்றவர்களைத் தாமே தனியாகச் சோதித்தனர். உரிமம் பெற்றவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தேர்வே கொடுக்கவில்லை என்பதும், பாதிக்கு மேற்பட்டோர்க்கு வண்டி ஓட்டும் தகுதி இல்லை என்பதும் வெளிப்பட்டன. முறைதவறிய பணமெல்லாம் இடைத்தரகர் வழியாகவே சென்றது. விரைவை நாடியவர்கள் கற்றலை விட்டுத் தரகரை நாடினர் என்பதே அவ்வாய்வு கண்ட உண்மை.

ஸினானிடம் வந்த ஒரு முதியவரைப் பற்றி இப்னுல் கிஃப்தீ கூறும் செய்தி இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. கண்ணியமான தோற்றமுடைய அவர் ஸினானின் முன் பொற்காசுகளை வைத்து, தாம் முறையாகக் கற்றவரல்லர் என்றும், குடும்பம் பெரிதாகையால் பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டா என்றும் வேண்டிக்கொண்டார். ஸினான் நகைத்து, அறியாத நோயிற் கைவைக்கலாகாது, எளிய நோய்கட்கன்றிக் குருதி வாங்குதலும் பேதிமருந்து கொடுத்தலும் கூடா என்னும் நிபந்தனையுடன் அனுமதித்தார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் கற்றாய் என்று கேட்க, தந்தையிடம் என்றார். தந்தை யார் என்று வினவ, நேற்று வந்த அம்முதியவர்தாம் என்று தெரிந்தது!

இதனைப் படித்துப் பலர் சிரிப்பதுண்டு. ஆனால் இதில் ஒரு நீண்ட துயரம் உறைந்திருக்கின்றது. ஒரு தலைமுறைக்குக் காட்டிய இரக்கம் அடுத்த தலைமுறைக்கு உரிமையாகிவிடுகின்றது. கல்லாத தந்தையிடம் கற்ற மகன், தானும் கற்றவனென்றே நம்புகின்றான். தேர்வு கொடாமல் உரிமம் பெற்ற தந்தை தம் மகனுக்கு வண்டி பழக்கினால், அவர் பழக்குவது எது? சைகையின்றித் திரும்புதலையும், நடப்பவரை ஒலிப்பானால் விரட்டுதலையும்தான். அம்முதியவரேனும் நிபந்தனைக்கு உட்பட்டார். தாம் எளிய பானங்களுக்கு மேல் எதனையும் கொடுத்ததில்லை என்றார். மோட்டார் வண்டியிலோ அத்தகைய எளிய மருந்து கிடையாது. அறிந்தவர் கையிலும் அறியாதவர் கையிலும் அது ஒரே வேகத்தில்தான் செல்லும்.

2022ஆம் ஆண்டில் இந்தியாவிற் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை தெரிவிக்கின்றது. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இத்தனைக்கும் தேர்வின் குறைபாடே காரணம் என்று நாம் கூறவில்லை. மிதமிஞ்சிய வேகமே பெருங்காரணம் என்று அவ்வறிக்கை காட்டுகின்றது. ஆயினும் வேகத்தை அடக்கும் பழக்கம் எங்கே கற்பிக்கப்படுகின்றது? அந்த எட்டிலும், அந்த ஏற்றத்திலும், நடப்பவர்க்காக நிற்கும் அந்த ஒரு கணத்திலும்தான்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர் சிலவற்றை அறிந்திருத்தல் கடமை. பழகுநர் உரிமம் பெற்ற நாளிலிருந்து 30 நாட்கள் கழிந்த பின்னரே தேர்வு கொடுக்கலாம். அவ்வுரிமம் 6 மாதம் செல்லும். தேர்வில் தவறியவர் 7 நாட்களுக்குப் பின் மீண்டும் வரலாம். மும்முறை தவறினால் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அவர் மறுபயிற்சி பெறவும் பணிக்கின்றது. அதே திருத்தம் வேறொன்றையும் சொல்கின்றது: வயது நிரம்பாத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பாதுகாவலரும் வண்டியின் உடைமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவர். தம் அறிவின்றி அது நிகழ்ந்ததென்றோ, தடுக்கத் தக்க முயற்சி செய்தோமென்றோ அவர்கள் மெய்ப்பித்தாலன்றி, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பள்ளி செல்லும் மகனுக்குப் பெருநாள் பரிசாக வண்டிச் சாவியைக் கொடுக்கும் தந்தையர் இதனை மறவாதிருப்பார்களாக.

நம் பெண்மக்களும் இன்று வண்டி பழகுகின்றனர். சவூதி அரேபியாவிலேயே 2018 ஜூன் 24ஆம் நாள் முதல் பெண்கள் வண்டி ஓட்ட அனுமதி வந்துவிட்டது. மகளையோ மருமகளையோ தேர்வுக்கு அனுப்பும் வீட்டார், முதன்முறை தவறினால் கேலி பேசுதல் தகாது. அக்கேலிக்கு அஞ்சியே பலர் குறுக்குவழியைத் தேடுகின்றனர்.

தவறுதல் இழிவன்று. மனனம் செய்யும் பிள்ளையை ஓரெழுத்துக்காகத் தடுத்து, மீண்டும் ஓது என்று சொல்லும் உஸ்தாது, அப்பிள்ளையின் பகைவரல்லர். பிழையோடு ஓதவிட்டு சனது எழுதிக்கொடுப்பவரே பகைவர். சனது என்பது ஒரு காகிதம் அன்று; இவர் தகுதியுடையவர் என்று ஒருவர் ஊருக்கு முன் கூறும் சாட்சியம். ஓட்டுநர் உரிமமும் அத்தகைய சாட்சியமே. அதனைப் பொய்யாகப் பெறுபவர் அரசை ஏமாற்றுவதாக எண்ணிக்கொள்கின்றார். உண்மையில் அவர் ஏமாற்றுவது, தம் வண்டி வரும் சாலையை நம்பிக் கடக்கும் முன்பின் அறியாத ஒருவரை. அவருடைய உயிர் ஓட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆகவே, தேர்வில் தவறி வாடிய முகத்துடன் வீடு திரும்பும் பிள்ளையிடம், ‘யாரைப் பார்த்தால் காரியம் முடியும்?’ என்று கேளாமல், ‘எந்த இடத்திற் பிழைத்தாய்?’ என்று கேளுங்கள். ஏழு நாட்கள் இருக்கின்றன. ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள அவை போதும்.